வெளிவாசலில் ஒண்ணே ஒண்ணு

எங்கள் ஊரில் யாருக்கும் எதையும் அவர் மறுத்ததில்லை. அதனால்தான் அவரை எனக்குப் பிடிக்காது.

வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். மறுக்கத் தெரியாத மனிதரை வெறுக்கிறாயே, நீ என்ன பிறவி என்கிறார்கள். அவர்கள் எங்கள் யூனியன் சேர்மன் வீட்டு மோரைக் குடித்ததில்லை.

ஊர் தாமிரவருணிக் கரையில், பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரி போகிற வண்டிப்பாதையில் இருக்கிறது. முனிசிபாலிட்டி ஆகும் அளவுக்குப் பெரிதல்ல. கிராமம் என்று சொன்னாலோ கடைத்தெருக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆகவே சர்க்கார் எங்களை யூனியன் ஆக்கி, ஒரு சபையையும் சபைக்கு ஒரு சேர்மனையும் கொடுத்திருந்தது. தெருவிளக்கு, சாக்கடை, சந்தை எல்லாம் சபையின் பொறுப்பு. தெருவில் ஒரு பந்தல் போட வேண்டுமா, சப்பரம் இழுக்க வேண்டுமா, நாலு பேர் மேளத்தோடு நடக்க வேண்டுமா, அதற்கும் சபையின் உத்தரவு வேண்டும். சபை என்றால் சேர்மன்தான். மற்ற அங்கத்தினர்களும் இருந்தார்கள். அவர்களில் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த ஒருவர் கூட்டம் தொடங்கியதும் தூங்கிப் போவார். தீர்மானம் வரும்போது பக்கத்தில் இருப்பவர் அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார். அதுவும் ஒரு வோட்டு.

சேர்மன் பென்ஷன் வாங்கின தாசில்தார். மெலிந்த ஆள், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, மல் வேட்டி. குரல் உயர்ந்து ஒருநாளும் கேட்டதில்லை. கடைத்தெரு முடிந்து ஆற்றுப்பாதை தொடங்குகிற மூலையில் அவர் வீடு. மனு கொண்டு யார் போனாலும், அவன் எந்த ஜாதியாக இருந்தாலும், எழுந்து நிற்பார். "வாரும்வே, இரியும்" என்று தன் நாற்காலிக்கு எதிரே இருக்கிற பெஞ்சைக் காட்டுவார். வெயிலில் வந்தவனுக்குத் தன் கையிலிருந்த பனையோலை விசிறியைக் கொடுத்துவிடுவார். பித்தளைத் தம்ளரில் மோர் வரும், கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, பெருங்காயம் மணக்க. ஆயுசிலே ஒரு உத்தியோகஸ்தர் முன்னால் உட்கார்ந்திராத மனிதன் அதிலேயே பாதி உருகிவிடுவான். அவன் மனுவைச் சொல்லி முடிப்பதற்குள் இவர் சொல்லிவிடுவார்:

"இதுக்கா வந்தீரு? தாராளமாச் செய்யும்."

பிறகு வழியனுப்ப வெளிவாசல்வரை தாமே நடந்து வருவார். அந்த வெளிவாசலில், வந்தவன் ஒரு காலைத் தெருவில் வைத்த பிறகு, அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல் நெற்றியைத் தடவிக்கொண்டு சொல்வார்:

"ஒண்ணே ஒண்ணு…"

அந்த ஒன்றில்தான் காரியம் போகும்.

பள்ளிவாசல் தெருவில் தோல் வியாபாரம் செய்த சாயபு ஒருவர் வருஷா வருஷம் சந்தனக்கூடு நடத்த உத்தரவு கேட்டுப் போவார். முதல் வருஷம் வெளிவாசலில் கிடைத்தது: "ஒண்ணே ஒண்ணு சாயபு. தெருவெல்லாம் ஓலைக்கூரை. தீவட்டி வேண்டாம், கண்ணாடி விளக்கா வச்சுக்கிடும்." நியாயந்தானே? தூத்துக்குடிக்கு ஆள் அனுப்பிக் கண்ணாடி விளக்குகள் வரவழைத்தார் சாயபு. அடுத்த வருஷம்: "ஒண்ணே ஒண்ணு. கண்ணாடி உடைஞ்சா வெறுங்கால்ல நடக்குறவன் கதி என்னவே? கம்பி வலை போட்டுக்கிடும்." அதற்கடுத்த வருஷம் கம்பி வலை நிழல் விழுந்து வெளிச்சம் போதாது என்றாயிற்று. ஒவ்வொன்றும் நியாயம். எதையும் மறுத்துப் பேச முடியாது. எல்லா நியாயமும் சேர்ந்து சந்தனக்கூட்டைத் தெருவிலிருந்து பள்ளிவாசல் மதிலுக்குள் தள்ளிவிட்டது.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அல்லா விட்ட வழின்னு வீட்டுல கெடந்திருப்பேன் தம்பி" என்றார் சாயபு என்னிடம். "சரி சரின்னு சொல்லியேல்லா என் காலைத் தேய்ச்சிட்டாரு அந்த மனுஷன்."

வேதக்கோவில் உபதேசியார் கொஞ்சம் சாமர்த்தியசாலி. அறுப்புப் பண்டிகைக்குக் கோவில் முன்னால் அடுப்பு வெட்டி ஊர் முழுக்கச் சோறு போட உத்தரவு வேண்டும். மோரும் வேண்டாம், வெளிவாசலும் வேண்டாம் என்று தெருவிலேயே நின்றுகொண்டார். "உள்ள வாரும் உபதேசியாரே" என்று இவர் கூப்பிட, "செருப்பு கழட்டக் கஷ்டம் ஐயா, இங்கனயே சொல்லிருங்க" என்று அவர் நிற்க, கடைசியில் சேர்மனே தெருவுக்கு இறங்கி வந்தார். "தாராளமா அடுப்பு வெட்டும்" என்றார். உபதேசியார் ஸ்தோத்திரம் சொல்லித் திரும்பிவிட்டார். ஜெயித்துவிட்டார் என்றே நினைத்தோம். சேர்மன் வீட்டுக்குள் போகப் படியேறினவர், மேல்படியில் நின்று திரும்பினார். "ஓய், ஒண்ணே ஒண்ணு…"

அன்றைக்கு உபதேசியார் நடுத்தெருவிலேயே கண்ணை மூடி ஜெபம் பண்ணினதைக் கடைத்தெரு முழுக்கப் பார்த்தது.

நான் அப்போது பாளையங்கோட்டையில் எஃப்.ஏ. முடித்துவிட்டு, மேலே படிப்பதா வேலைக்குப் போவதா என்று வீட்டில் தீர்மானமாகாமல் ஊரில் சுற்றிக்கொண்டிருந்தேன். சுயாட்சியைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்துப் படித்து, ஆட்சி எப்படித்தான் நடக்கிறது என்று பார்க்கிற ஆசையில், சபைக் கூட்டம் ஒன்றைக்கூட விடாமல் ஜன்னல் ஓரம் போய் உட்காருவேன். சேர்மன் அதற்கும் தடை சொல்லவில்லை. எனக்கும் மோர் வந்தது.

ஒருநாள் கூட்டம் முடிந்ததும் கேட்டுவிட்டேன். "ஐயா, பிடிக்கலைன்னா முடியாதுன்னு முதல்லயே சொல்லிடலாமே. எதுக்கு எல்லாரையும் நடக்க விடுதிய?"

அவர் கோபிக்கவில்லை. என்னை ஆச்சரியமாகப் பார்த்தார், இவ்வளவு படித்தவனுக்கு இது தெரியவில்லையே என்பதுபோல.

"ஏலே, முடியாதுன்னு சொன்னா அவன் வீட்டுக்குப் போயிருவாம்லே. திரும்ப எதுக்கு வாரான்? கலெக்டருக்கு மனு எழுதுவான், என்னைத் திட்டுவான், அதோட தீந்துது. சரின்னு சொல்லி ஒண்ணைப் பாக்கி வையி. நாளைக்கும் வருவான். நாளன்னைக்கும் வருவான்."

"வந்து?"

"வந்து என்னலே வந்து? வருவாம்லா."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவருக்கு ஒரு காரணமும் இல்லை. லஞ்சம் வாங்கினாரா என்றால், ஒரு வெற்றிலைகூட வாங்கியதில்லை. பட்டம் வேண்டுமா, அதற்கும் அலையவில்லை. மனைவி காலமாகிப் பல வருஷம்; மகன் ரங்கூனில். அந்தப் பெரிய வீட்டில் சமையல்காரனும் அவரும்தான். மனுக்காரர் வராத நாட்களில் பெஞ்சைத் துடைக்கச் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பார். இந்த இடத்தில் கொஞ்சம் இரக்கம் காட்ட வேண்டும் என்று என் சிநேகிதர்கள் சொல்கிறார்கள். தனிமையில் வாடினவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்கள் ஊரையே தங்கள் வீட்டுப் பெஞ்சில் கட்டிப் போடவில்லை.

நெசவுத் தெரு மனிதர்களுக்கு இந்த வெளிவாசல் சங்கதி சரியாகத் தெரியாது. தறியை விட்டு எழுந்தால் ஆறு, ஆற்றை விட்டால் தறி. யூனியனோடு அவர்களுக்கு அதுவரை ஒரு பேச்சும் இருந்ததில்லை. அந்த வருஷம்தான் பெரியம்மை வந்தது. அவர்கள் தெருவில் அனேகமாக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வேப்பிலை தொங்கிற்று. எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு நேரே குடியிருந்த பேச்சி அக்காவின் மகன் சுடலைமுத்து, கண் திறக்காமல் கிடந்து, பிழைக்கமாட்டான் என்று எல்லோரும் சொன்ன பிறகு பிழைத்தான். அக்கா விதவை. ஒரே பிள்ளை. முத்தாரம்மனுக்கு நேர்ந்திருந்தாள்: பிள்ளை எழுந்தால் முளைப்பாரி போட்டு, மேளதாளத்தோடு கடைத்தெரு வழியாக நாலு பேர் பார்க்க எடுத்துப் போய் ஆற்றில் விடுகிறேன் என்று. அவளைப் போலவே நேர்ந்திருந்த பெண்கள் தெருவில் பலர்.

மனுவை நான்தான் எழுதினேன். நெசவுத் தெரு நாட்டாண்மையும் அக்காவும் நானுமாகப் போனோம். விசிறி, பெஞ்சு, மோர், எல்லாம் ஆயிற்று.

"முத்தாரம்மன் காரியமா?" என்று சேர்மன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மனுக்கு உத்தரவு கொடுக்க நான் யாருவே நாட்டாண்மை? தாராளமாச் செய்யும்."

வெளிவாசலுக்கு வந்தோம். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நெற்றியைத் தடவவில்லை. "போயிட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நேரே போய்ச் சாயபுவிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை.

"வாசல்ல ஒண்ணும் சொல்லலியா?"

"ஒண்ணும் சொல்லலை."

"அப்ப இனிமேத்தான் இருக்கு. வெதை போட்டுராதீயன்னு சொல்லும் தம்பி. கையில உத்தரவு வரட்டும்."

நான் ஓடினேன். அதற்குள் போட்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை அது. பெரியவர் வாயால் சொன்ன பிறகு அம்மன் காரியத்தைத் தள்ளிப்போடுவது அந்தத் தெருவில் யாருக்கும் தோன்றவில்லை. கோவிலுக்குப் பின்னால் வெயில் நுழையாத அறையில், மண்சட்டிகளில் வைக்கோலும் சாணமும் பரப்பி, தானியம் தூவி, தண்ணீர் தெளித்து, அடுத்த செவ்வாய்க்கு ஆற்றில் விடுவது என்று அம்மன் முன்னால் சொல்லியும் ஆயிற்று. இனி முளைதான் எசமான். இருட்டில் வளர்கிற முளை ஒரு வாரத்தில் வெளிறி ஒரு சாணுக்கு மேல் வந்துவிடும். அதற்கப்புறம் நிற்காது. ஒன்று ஆற்றுக்குப் போக வேண்டும், அல்லது சட்டியிலேயே சாய வேண்டும். சாய்ந்தால் யாருக்காக நேர்ந்தோமோ அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்பது அங்கே நம்பிக்கை. பேச்சி அக்காவுக்கு அது நம்பிக்கைகூட இல்லை, தெரிந்த விஷயம்.

வியாழக்கிழமை சேவகன் வந்தான். "ஐயா வரச் சொல்லுதாவ. ஒண்ணே ஒண்ணாம்."

அந்த ஒன்று இது: நோய் வந்த தெருப் பெண்கள் கடைத்தெருவில் கூட்டமாகப் போனால் கடைக்காரர்கள் பயப்படுவார்கள், ஆகவே முளைப்பாரி பின்பக்கத்து ஓடைப்பாதை வழியாகத் தாராளமாகப் போகலாம்.

நாட்டாண்மை பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். "எசமான், அது பொணம் போற பாதையில்லா?"

"பாதை நல்ல அகலம்வே. யாருக்கும் இடைஞ்சல் இல்ல."

"முளைப்பாரியைச் சுடுகாட்டு வழியா எப்படி எசமான்…"

"மனசுக்குச் சரிப்படலியா? சரி, கடைத்தெரு வழியாவே தாராளமாப் போங்க." அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். வெளிவாசலுக்கு வந்தோம். நெற்றியைத் தடவினார். "ஒண்ணே ஒண்ணு. சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்து உங்க தெருவில நோய் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்."

இன்ஸ்பெக்டர் ஸ்ரீவைகுண்டம் பக்கம் முகாம் போயிருந்தார். நாட்டாண்மையும் நானும் வண்டி கட்டிக்கொண்டு போய் அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தோம். நல்ல மனிதர், வீடு வீடாகப் பார்த்து, நோய் இல்லை என்று சேர்மனிடமே நேரில் சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. முளை மூடியிருந்த துணியை முட்டிக்கொண்டு நின்றது.

"ரொம்ப சந்தோஷம்" என்றார் சேர்மன். அன்றைக்கு மோரில் இஞ்சிகூடத் தட்டிப் போட்டிருந்தது. "இனி ஒரு தடையும் இல்ல. தாராளமா நடத்துங்க." வெளிவாசலில்: "ஒண்ணே ஒண்ணு. ஓடைப்பாதைன்னு புதன்கிழமையே சபை அவசரமாக் கூடித் தீர்மானம் பண்ணிட்டுல்லா? அதைச் சபையிலதான் மாத்தணும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூடுதோம். முடிஞ்ச கையோட வந்து உத்தரவை வாங்கிக்கிடுங்க."

"செவ்வாய்க்கிழமை பொழுது சாயறதுக்குள்ள ஆத்துல விடணும் எசமான்" என்றார் நாட்டாண்மை.

"புதன்கிழமை விட்டா அம்மன் வேண்டாம்னா சொல்லுவா?"

பேச்சி அக்கா முன்னால் வந்தாள். "எசமான், முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க. எம்புள்ளைக்கு வேற வழி பாத்துக்கிடுதேன்."

"யாரும்மா முடியாதுன்னு சொன்னது?" சேர்மனின் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "நான் சொன்னேனா?"

எனக்கு அப்போது அவர் கழுத்துவரை போட்டிருந்த பொத்தானைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

திங்கட்கிழமை நெசவுத் தெருவில் கூடிப் பேசினார்கள். நான் ஆவேசமாக, கலெக்டருக்குத் தந்தி கொடுப்போம் என்றேன். உத்தரவில்லாமல் மேளத்தோடு புறப்படுவோம், பிடித்தால் பிடிக்கட்டும் என்றேன். "நீரு சும்மா இரும் தம்பி" என்றாள் ஒரு கிழவி. "பிடிச்சிட்டுப் போனா முளையை யாரு தூக்குவா? நீரா?" எல்லோரும் சிரித்தார்கள். பேச்சி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் சாத்தியிருந்த ஓலைக் கடவப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தினமும் நூலை நனைத்து அலச, அந்தப் பெரிய கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டுதான் கடைத்தெரு வழியாக ஆற்றுக்குப் போவார்கள்.

"தெனமும் போறோம்" என்றாள். "எந்த உத்தரவு வாங்கிட்டுப் போறோம்?"

செவ்வாய்க்கிழமை காலை, வழக்கமாக நூல் அலசப் போகிற நேரத்துக்கு, நெசவுத் தெருவிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். தலையில் கடவம். கடவத்துக்குள் சட்டி, சட்டியில் முளை, அதன்மேல் குச்சி வளைத்து ஈரத்துணி. மேளமில்லை, கும்மியில்லை, பூவில்லை. நான் சேர்மன் வீட்டுக்கு எதிரே வெற்றிலைக் கடையில் நின்றிருந்தேன். வெற்றிலை போடும் பழக்கம் எனக்கில்லை. அன்றைக்கு வாய் சிவக்கச் சிவக்கப் போட்டேன். கடைக்காரர்கள் ஒருவரும் தலை நிமிரவில்லை. தினமும் பார்க்கிற கடவம்தானே.

கடைசியாக வந்தவள் பேச்சி அக்கா. சேர்மன் காலைவெயிலுக்கு வெளிவாசலில் நின்றிருந்தார்.

"யாரு, முந்தாநாள் வந்த பொம்பளையா? நூல் அலசவா?"

அக்கா நின்றாள். நிற்காமல் போனால் சந்தேகப்படுவார். "ஆமா எசமான்."

"சாயங்காலம் வந்துருங்க. தாராளமாத் தந்துருவோம்."

"சரிங்க எசமான்."

"ஒண்ணே ஒண்ணு…"

அவள் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது எனக்கு எதிர்ச்சாரியிலிருந்தே தெரிந்தது. கடவத்தை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டாள். துணியின் ஓரத்தில் வெளிறிய மஞ்சளாக ஒரு முளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"…கூட்டமா வராதீங்க. ஒரு ஆளு வந்தாப் போதும்."

"சரிங்க எசமான்."

அவள் போனாள். அவர் அந்தக் கடவத்தை ஆற்றுப்பாதை திருப்பம்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் சுற்றுவழியில் ஓடி ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தார்கள். ஈரத்துணிகள் கரையில் கிடந்தன. சில சட்டிகளில் முளை ஒருபக்கமாகச் சரியத் தொடங்கியிருந்தது. அக்காவின் சட்டி நேராக நின்றது. கிழவி வாயில் கைவைத்து முதல் குலவையைப் போட்டாள். பிறகு எல்லோரும் போட்டார்கள். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த குலவை அது. ஆறு தாண்டி அக்கரை வயலில் நடவு நட்டவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கடைத்தெரு மூலைவீட்டுக்குக் கேட்காமல் இருந்திருக்க முடியாது.

அக்கா சட்டியைத் தண்ணீரில் விட்டாள். மண் கரைந்து, முளை பிரிந்து மிதந்து போயிற்று. "ஜெயிச்சிட்டோம் அக்கா" என்று கத்தினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்தே சொன்னாள்:

"ஆத்தா, மேளம் இல்லாம, ஒருத்தர் கண்ணுல படாம, திருட்டுச் சாமான் மாதிரி கொண்டாந்திருக்கேன். பாதி நேர்ச்சைதான் இது. மீதியை எம்மேல வச்சுக்கோ, புள்ளை மேல வச்சுக்கிடாத."

சுடலைமுத்துவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது நன்றாகத் தறி போடுகிறான். அக்கா மட்டும் அதற்கப்புறம் ஒவ்வொரு தலைவலிக்கும் அந்த மீதியைத்தான் சொல்வாள். இதற்காகத்தான் அவரை நான் மன்னிக்கவில்லை.

அன்று சாயங்காலம் சபை கூடிற்று. குலவை கேட்ட பிறகும் கூடிற்று. செக்குக்காரர் கையை யாரோ தூக்கிவிட, தீர்மானம் மாற்றப்பட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் அந்த மூலையைக் கடந்தபோது, பெஞ்சு துடைத்துக் கிடந்தது. அதன்மேல் வரிசையாக மோர்த் தம்ளர்கள். எதிரே நாற்காலியில் அவர்.

"ஏலே தம்பி, இங்க வா. உத்தரவு கையெழுத்தாயிட்டு. நாட்டாண்மையை வந்து வாங்கிக்கிடச் சொல்லு."

"அவுகளுக்கு வேண்டாமாம் ஐயா. காலையிலயே விட்டாச்சு."

"அது தெரியும்லே." அவர் மடித்த காகிதத்தை முழங்காலில் வைத்து நீவிக்கொண்டிருந்தார். "விட்டா விட்டுட்டுப் போறாவ. உத்தரவை வந்து வாங்கணும்லா?"

நான் தெருப்பக்கம் திரும்பினேன். "மோராவது குடிச்சிட்டுப் போலே" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். எழுந்து என் பின்னாலேயே வெளிவாசல்வரை வந்தார். எனக்கு அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு…"

நான் நிற்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அந்த ஒன்று என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.